நீடிய பொறுமை எத்தனாவது? நடவு வயலில் இருந்து ஒரு கேள்வி

வெண்ணாற்றங்கரை (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

நீடாமங்கலம் பக்கம் மூன்று ஏக்கர் சொந்த நிலம், இரண்டு ஏக்கர் குத்தகை வைத்துப் பயிர் செய்கிறேன். ஞானஸ்நானம் எடுத்து 17 வருடம் ஆகிறது. சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். காலை நாலரைக்கு எழுந்து ஜெபிக்காமல் பம்புசெட் சுவிட்சைத் தொட்டதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இத்தனையும் இருந்தும் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வியாழன் சம்பா நடவு. நாற்றுக்கு 30 நாள் தாண்டிவிட்டது. முறைப்பாசனத்தில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் அன்றைக்கு மட்டும்தான். எட்டு மணிக்கு வருகிறோம் என்ற பெண்கள் பத்தேகாலுக்கு வந்தார்கள். 12 பேர். வரப்பில் நின்று கத்தினேன். கத்தினேன் என்று எழுதுவதுகூடப் பூசி மெழுகுவதுதான். வாயில் வரக்கூடாத வார்த்தை வந்தது. அவர்களில் மூத்தவருக்கு என் அம்மா வயது இருக்கும், அவரை ஒருமையில் பேசினேன். சாயந்திரம் கூலி கொடுக்கும்போது ஆளுக்கு 50 ரூபாய் பிடித்துக்கொண்டேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த அம்மா மட்டும் பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மகன் எட்டாவது படிக்கிறான். காலாண்டு விடுமுறை என்பதால் டீ வாளியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு வந்திருந்தான். முந்தின ஞாயிறுதான், கலாத்தியரில் அன்பு, சந்தோஷம் என்று வரிசையாக வரும் ஆவியின் கனி ஒன்பதையும் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கினான். சொல்லிக்கொடுத்தவன் நான். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டான்: "அப்பா, நீடிய பொறுமை எத்தனாவது?"

"நாலாவது" என்றேன். அப்புறம் அவன் வாயே திறக்கவில்லை. மனதில் வைத்துக் கேட்டானா, சும்மா ஒப்பித்துப் பார்த்தானா, எனக்குத் தெரியவில்லை. திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. 17 வருடம் ஜெபித்து, வேதம் வாசித்து, என் குணம் வயலில் மட்டும் ஏன் மாறவில்லை? சபையில் கேட்டால் அமைதியான மனுஷன் என்றுதான் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அப்படியானால் என் விசுவாசம் மெய்யா? அன்றாட வாழ்க்கையில் உங்களுக்கு உண்மையிலேயே எது உதவியது என்று சொல்லுங்கள். வசனம் எனக்குத் தெரியும். தெரிந்த வசனம் ஏன் கைக்கு வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

---

தஞ்சை செவிலி (ஞாயிறு இரவு)

தம்பி, முதலில் அந்த 600 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, போய் முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்றுதானே ஆண்டவர் சொன்னார். ஜெபித்து முடித்துவிட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை.

நான் 34 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ராத்திரி டியூட்டியில் நோயாளியின் சொந்தக்காரர்கள் மேல் எரிந்து விழுவேன். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நிற்பேன், திங்கட்கிழமை வார்டில் என் குரலைக் கேட்டால் ஆயாம்மாவே ஒதுங்கிப் போவார். உங்களைப் போலத்தான் அழுதேன். உபவாசக் கூட்டங்களுக்குப் போனேன். ஒவ்வொரு கூட்டத்திலும் மனம் உருகும், அடுத்த வாரமே பழையபடி ஆகிவிடும்.

எனக்கு உதவியது மிகச் சின்ன விஷயம். ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போகும் முன் கை கழுவ வேண்டும். ஒரு ஷிப்டில் எத்தனை தடவை கழுவுவோம் என்று கணக்கே கிடையாது. அந்த நேரத்தில் அடுத்த கட்டிலில் இருப்பவருடைய பெயரை மட்டும் ஆண்டவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். நீளமான ஜெபம் எதுவும் இல்லை. "ஆண்டவரே, இவர்" என்று பெயரைச் சொல்வேன், குழாயை மூடுவேன், அவ்வளவுதான். முதல் ஒன்றிரண்டு வருடம் ஒரு மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் வருடம் ஆயாம்மாதான் சொன்னார்: "சிஸ்டர், இப்பல்லாம் நீங்க கத்துறதே இல்ல." எனக்கே அது தெரியாமல் இருந்தது.

மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் ஒரு மனுஷன் விதைத்துவிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறான், அவன் அறியாத விதமாய் விதை முளைத்து வளர்கிறது. வளர்ச்சி வளர்கிறவனுக்குத் தெரியாது என்று அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன். பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். உங்கள் விஷயத்தில் சபை சொல்வதைவிட நடவு ஆட்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

---

தரங்கை அலை (திங்கள் காலை)

அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அண்ணன் 600 ரூபாயைக் கொடுத்துத் தூக்கத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது. வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றது எப்போது? ஆண்டவர் அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்ன பிறகுதான். கணக்கு தீர்ந்ததால் அவர் வரவில்லை, அவர் வந்ததால் கணக்கு தீர்ந்தது. இந்த வரிசை மாறினால் நாம் வாழ்நாள் முழுக்கத் தவணை கட்டிக்கொண்டே இருப்போம்.

இன்னொன்று. ஒன்பது கனிகள் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்துப் பழகிவிட்டோம். கலாத்தியர் 5-ல் மாம்சத்தின் கிரியைகள் என்று பன்மையில் எழுதின பவுல், ஆவியின் கனி என்று ஒருமையில்தான் எழுதுகிறார். ஒரே கனி. அன்பு வேறு, பொறுமை வேறு என்று தனித்தனி மரத்தில் காய்ப்பதில்லை. அதனால் மகனுக்கு நாலாவது என்று சொன்ன பதிலும் முழுசாகச் சரியில்லை அண்ணா. அந்த 12 பேர் மேல் அன்பு இல்லாமல் பொறுமையை மட்டும் வளர்க்கப் பார்த்தால், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுதான் மிஞ்சும்.

எனக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடி. பிழைப்பு சென்னையில். ஊருக்குப் போனால் புதிய எருசலேம் கோவிலில் சீகன்பால்கு ஐயர் கல்லறைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவேன். ஜெர்மன் மிஷனெரி, 1706 ஜூலை 9-ல் வந்து இறங்கினார். தமிழ் எழுத்தைத் திண்ணைப் பள்ளியில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். படித்துக் குருப்பட்டம் பெற்றவர், குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார். எனக்கு அதுவே ஒரு பாடம். ஆனால் நிறையப் பேர் பேசாத ஒன்று இருக்கிறது. 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார், அடுத்த மாதமே டேனிஷ் கோட்டையில் சிறை. ஏன்? ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் அவள் பக்கம் நின்று பேசினார். ஆளுநருக்குக் கோபம். நாலு மாதம் உள்ளே இருந்தார். அந்தப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி வந்தது. வேதத்தைத் தமிழில் எழுதிய கையும் விதவையின் வழக்கில் நுழைந்த கையும் ஒன்றுதான். 36 வயதில் இறந்துபோனார். 17 வருடம்கூட அவருக்கு இங்கே கிடைக்கவில்லை.

---

கடைமடை (திங்கள் மதியம்)

நான் கத்தோலிக்கன், வேளாங்கண்ணிக்குப் பக்கம். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். சகோதரர் கேட்ட கேள்வி என்னையும் பல நாள் தூங்கவிடாத கேள்வி, அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். மதகு ஏற்றி இறக்கி, கரை பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வரவே மூன்று நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஏ வாய்க்கால், பி வாய்க்கால் எல்லாம் தாண்டி எங்கள் தலைஞாயிறு பக்கம் எட்டிப் பார்க்க இன்னும் பல நாள் ஆகும். பேப்பரில் "டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு" என்று பூத்தூவும் படம் வரும் அன்றைக்கு எங்கள் வாய்க்காலில் ஆடு மேயும். அப்பா சொல்வார்: "தண்ணி வந்தாச்சுங்கறது தலைமடைக்காரன் பேச்சு."

எனக்கும் அப்படித்தான். திருமுழுக்கு பெற்றேன், நற்கருணை வாங்கினேன், தலைமடை நிறைந்து நிற்கிறது. என் உடலில் கடைமடை எது என்று பார்த்தால் நாக்கும் பணப்பையும். அங்கே தண்ணீர் போய்ச் சேரவில்லை. அணையில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம் கிடையாது. நடுவில் தூர், ஆகாயத்தாமரை, உடைந்த மதகு. எங்கே அடைத்திருக்கிறது என்று கரையோரம் நடந்து பார்க்காமல் தெரியாது. லஸ்கர் வேலையே அதுதான்.

அந்த நடைக்கு எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை. ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிடம். முதலில் அன்றைய நாளுக்கு நன்றி. அப்புறம் காலையிலிருந்து மணி மணியாக நாளைத் திரும்பிப் பார்ப்பது: எங்கே ஆண்டவர் கூட இருந்தார், எங்கே நான் அவர் கையை உதறினேன். மன்னிப்பு. நாளைக்கு ஒரே ஒரு காரியம். நான் தவறவிடுவது எப்போதும் கடைசிப் பகுதிதான், "நாளைக்கு நல்லவனாக இருப்பேன்" என்று முடித்துவிடுவேன். "நாளைக்குக் காலை பத்து மணிக்கு இன்னாரிடம் பேசும்போது குரலை உயர்த்த மாட்டேன்" என்று ஆளும் நேரமும் சொல்லி வேண்டினால்தான் பிடிக்கிறது. மாதம் ஒரு முறை ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போய் அதையே வாய்விட்டுச் சொல்வேன். இன்னொரு மனிதர் காதில் விழும்படி சொல்லும்போது பூசி மெழுக முடிவதில்லை. சகோதரர் இன்று இங்கே செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

---

வரப்போரம் (திங்கள் இரவு)

நான் இந்தக் கேள்வியை வரப்பின் அந்தப் பக்கத்திலிருந்து வாசித்தேன். என் அம்மா நடவு ஆள். 40 வருடமாக. நான் படித்து ஆசிரியர் ஆனது அந்தக் கூலியில். அம்மா விசுவாசி, நாங்கள் எல்லோரும் விசுவாசிகள்.

ஐயா, மனதைத் திறந்து எழுதியிருக்கிறீர்கள், அதற்கு மரியாதை கொடுத்தே கேட்கிறேன். அவர்கள் ஏன் தாமதமாக வந்தார்கள்? உங்கள் பதிவில் அது இல்லை. உங்களுக்குப் பதில் சொன்ன மூன்று பேரும் அதைக் கேட்கவில்லை. நாலரைக்கு நீங்கள் ஜெபிக்க எழுந்தபோது அவர்களும் எழுந்திருப்பார்கள். சமையல், தண்ணீர், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மாட்டுக்கு வைக்கோல், அப்புறம்தான் உங்கள் வயல்.

அந்த அம்மா சொன்ன "சரிங்க" எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மா வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சம்மதமும் கிடையாது. அடுத்த வேலைக்குக் கூப்பிட வேண்டுமே என்ற பயம் அது.

யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 7-ஆம் வசனம் நமக்கெல்லாம் பிடிக்கும்: பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான். டெல்டாவில் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது மனப்பாடம். மூன்று வசனம் முன்னால் 4-ல் என்ன இருக்கிறது? வயல்களை அறுத்தவர்களுடைய கூலி "அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது". பிடிக்கப்பட்டு. நீங்கள் எழுதிய அதே சொல். மழைக்குக் காத்திருக்கிற பொறுமையும் கூலியும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. நாம் ஒன்றை மட்டும் பிரசங்கிக்கிறோம்.

இந்த மண்ணில் கூலி சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறந்த நாள் இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலி கூடக் கேட்டதில் தொடங்கியது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வெளியே வரும்போதும் எனக்கு அது நினைவுக்கு வரும்.

கடைமடை சகோதரர் சொன்ன தண்ணீர் உவமை அருமை. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வராததற்குத் தூர் மட்டும் காரணமில்லை. ராத்திரியில் மேலே ஒருவர் மடையை அடைத்துக்கொள்வதும் காரணம்.

---

பேராவூரணித் தோப்பு (செவ்வாய் காலை)

தம்பி வரப்போரத்தின் வேதனை புரிகிறது. ஆனால் அண்ணன் கேட்டது ஆவிக்குரிய வளர்ச்சியைப் பற்றி. அதைக் கூலிப் பேச்சாக, சாதிப் பேச்சாக மாற்றினால் அது சங்கக் கூட்டம் மாதிரி ஆகிவிடும். ஒரு மனுஷன் உடைந்துபோய் நிற்கிறான், அவனை முதலில் தேற்ற வேண்டாமா?

அண்ணா, உங்கள் விசுவாசம் மெய்யா என்று கேட்டீர்கள். செத்த மனசாட்சிக்குத் தூக்கம் கெடாது. நாலு நாளாகத் தூக்கம் இல்லை என்பதே ஆவியானவர் இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பதற்குச் சாட்சி. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் குணம் மாறியது உபத்திரவத்தில். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். 90 தென்னை வைத்திருந்தேன், விடிந்து பார்த்தால் 11 நிற்கிறது. தாத்தா வைத்த மரங்கள். பக்கத்துத் தோப்புக்காரருக்கும் எனக்கும் வேலித் தகராறு, ஆறு வருடம் முகம் பார்த்துப் பேசவில்லை. அவர் மரம் என் பக்கம், என் மரம் அவர் பக்கம், வேலி எங்கே என்றே தெரியவில்லை. கரண்ட் பல வாரம் வரவில்லை. மரம் அறுக்கும் மெஷின் அவரிடம், டீசல் என்னிடம். ஒன்றாக நின்று அறுத்தோம். மூன்றாம் நாள் அவர் வீட்டில் கஞ்சி குடித்தேன். அதுவரை அந்த மனுஷனுக்காக நான் ஒரு நாள்கூட ஜெபித்ததில்லை.

உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்ற ரோமர் 5-ஐ அதுவரை வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு சில மாதம் ஜெபமே செய்யவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2019-ல் வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. மரத்துக்கும் எனக்கும் அத்தனை வருடம் பிடித்தது.

---

வரப்போரம் (செவ்வாய் மாலை)

அண்ணன் தேறட்டும், அதற்கு நானும் ஜெபிக்கிறேன். ஆனால் ஆவிக்குரிய வளர்ச்சியும் கூலியும் வேறு வேறு என்று யார் பிரித்தது? அண்ணன் கோபப்பட்டதைக் கடிகாரத்தின் மேல் காட்டவில்லை. 12 பெண்கள் மேல் காட்டினார். ஒரு வசனத்தை ஒருவர் பிழையாகச் சொன்னால் சபையில் மென்மையாகத் திருத்துகிறார். வயலில் திட்டுகிறார். இரண்டு இடத்திலும் அவர் ஒரே ஆள், எதிரில் நிற்பவர்கள்தான் வேறு. யாரிடம் நமக்குப் பொறுமை வருகிறது, யாரிடம் வருவதில்லை என்று ஒரு வாரம் எழுதி வைத்துப் பாருங்கள். நானும் பார்த்தேன். தலைமை ஆசிரியரிடம் எனக்குப் பொறுமை ஏராளம், சத்துணவு ஆயாவிடம் இல்லை. எங்கள் தெருவிலிருந்து வந்த எனக்கே அப்படி. இதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

சாதிப் பேச்சு வேண்டாம் என்றீர்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் நிறையப் பேர் அதை ஏற்காமல் விலகிப் போனார்கள். வசனம் தெரியாதவர்களா அவர்கள்? அன்றாடம் ஜெபித்தவர்கள், பாட்டு எழுதினவர்கள். திருவிருந்துப் பாத்திரம் வரைக்கும் வந்த விசுவாசம் அங்கேயே நின்றுவிட்டது.

---

பேராவூரணித் தோப்பு (செவ்வாய் இரவு)

சங்கக் கூட்டம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. திரும்ப எடுத்துக்கொள்கிறேன் தம்பி. தேங்காய் போடும் ஆட்களிடம் நான் எப்படிப் பேசுகிறேன் என்று இன்று காலை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

---

தஞ்சை செவிலி (புதன் காலை)

வரப்போரம் தம்பி, ஏன் தாமதம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால் புத்தி சொல்ல வந்தவள் நான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளாக, தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் நினைவாகவே இருக்கிறது. தஞ்சை சிவகங்கைப் பூங்காவில் அவர் கட்டிய கோவிலுக்குப் போனால், அவர் மரணப் படுக்கையில் இருக்க சரபோஜி மன்னர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சலவைக்கல் சிற்பத்தைப் பார்க்கலாம். மன்னரே செய்து வைத்தது. எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு, ராஜா மதித்த குரு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவது வேறொன்று.

ஹைதர் அலி படையெடுத்து வந்த காலம், 1780களின் தொடக்கம். தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம், தெருவில் பிணங்கள். வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது. ஆனால் குடியானவர்கள் வண்டி கட்ட மறுக்கிறார்கள். காரணம், முன்னால் மாட்டையும் நெல்லையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருக்கிறார்கள். ராஜாவின் சொல்லையும் நம்பவில்லை, கம்பெனி சொல்லையும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயர், "உங்கள் காசுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினார். இரண்டே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. அவர் சொன்னபடி பணமும் கொடுத்தார்.

அந்தக் குடியானவர்களில் எத்தனை பேர் கிறிஸ்தவர்கள்? மிகக் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். அவர் பிரசங்கத்தைக் கேட்டு நெல் கொண்டு வரவில்லை. இந்த மனுஷன் சொன்னால் கூலி வரும் என்று நம்பினார்கள். 1750-ல் வந்தவர். அந்த நம்பிக்கை உண்டாக முப்பது வருடம் ஆகியிருக்கிறது. வெண்ணாற்றங்கரை தம்பி, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

---

தரங்கை அலை (புதன் இரவு)

கிருபை முதலில் என்று நான் எழுதியதை இப்போதும் விடவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேனோ என்று தோன்றுகிறது. சகேயு கதையில் வீட்டுக்கு வந்த ஆண்டவரைப் பற்றி எழுதினேன், ஏமாந்தவர்கள் வாசலில் வந்து நின்று காசு வாங்கிப் போன காட்சியை நினைத்தே பார்க்கவில்லை. அவர்களுக்கு அன்று கிருபை எந்த உருவத்தில் வந்தது? கையில் காசாக வந்தது. என் அறையில் சமைத்துக் கொடுக்கிற அக்காவுக்குப் போன மாதச் சம்பளம் ஒன்பதாம் தேதிதான் கொடுத்தேன். எனக்கு ஒன்றாம் தேதி வந்துவிட்டது. மறதிதான், வேறு காரணமே இல்லை.

---

வெண்ணாற்றங்கரை (இரண்டு வாரம் கழித்து, சனி இரவு)

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எல்லாப் பதிவுகளையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வரப்போரம் தம்பி எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமையே போனேன். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். வர வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். நான் திட்டியதைப் பார்த்தவன் இதையும் பார்க்கட்டும் என்று மனைவி சொன்னாள். 17 வருடத்தில் அந்தத் தெருவுக்குள் நான் போனது சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்க மட்டும்தான். யார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்தது கிடையாது.

அந்த அம்மா கோழிக் கூண்டை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பக்கத்து வீடுகளிலிருந்து மற்றவர்களும் வந்தார்கள். நான் பேசியது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். குரல் ஒழுங்காக வரவில்லை. பணத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். ஒன்பது பேர் இருந்தார்கள், மூன்று பேருடையதை அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

அப்புறம் கேட்டேன், அன்றைக்கு ஏன் தாமதம் என்று. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்த குட்டி யானை வண்டி பாதி வழியில் நின்றுவிட்டதாம். நாலு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார்கள், சோற்றுத் தூக்கோடு. "சொல்லத்தான் வந்தோம் தம்பி, நீங்க சொல்ல விடல" என்றார் ஒருவர். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

கிளம்பும்போது அந்த மூத்த அம்மா வாசல் வரை வந்து மெதுவாகக் கேட்டார்: "களையெடுப்புக்கு எங்களைத்தானே கூப்பிடுவீங்க?" கணக்கைத் தீர்த்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போகிறேன் என்று அதுவரை பயந்துகொண்டிருந்திருக்கிறார். மன்னிப்பு கேட்கப் போனவனைப் பார்த்தும் அவருக்குப் பயம்தான் வந்தது. வரப்போரம் தம்பி, "சரிங்க" என்பதற்கு நீங்கள் சொன்ன அர்த்தம் அங்கேதான் எனக்கு விளங்கியது. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வண்டியில் வரும்போது மகனிடம், நீடிய பொறுமை நாலாவது என்று நான் சொன்னது சரியில்லை என்று சொல்லி, தரங்கை தம்பி எழுதியதை என் வார்த்தையில் சொன்னேன். எல்லாம் ஒரே கனியா என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்ப ஒண்ணு சொத்தையா இருந்தா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரியவில்லை என்று சொன்னேன்.

கூலி விஷயம் இன்னும் முடியவில்லை. எங்கள் வாய்க்காலில் பயிர் செய்கிற நாலு பேரிடம் பேசினேன். களையெடுப்புக்கு ஆளுக்கு 50 ரூபாய் கூட்டிக் கொடுக்கலாம், வண்டி வாடகையை நாமே ஏற்றுக்கொள்ளலாம் என்று கேட்டேன். ஒருவர் ஒத்துக்கொண்டார். இரண்டு பேர் யோசிக்கிறேன் என்றார்கள். ஒருவர், சபையில் எனக்கு அடுத்த வரிசையில் உட்காருகிறவர், ஊர் கூலியை நான் கெடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவரிடம் எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். அது அன்பா, பல்லைக் கடித்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. குத்தகை கொடுத்து, உரம் போட்டு, கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமே என்று காய வைத்து, கடைசியில் கையில் நிற்பது கொஞ்சம்தான் என்பதும் உண்மை. அவர் சொன்னதில் அந்த உண்மையும் இருக்கிறது. ஆனாலும் நான் கூட்டிக் கொடுக்கப் போகிறேன்.

அக்கா, உங்கள் கை கழுவும் ஜெபத்தை எடுத்துக்கொண்டேன். எனக்குக் குழாய் இல்லை. வரப்பில் ஏறும் முன் வாய்க்காலில் கால் கழுவுவேன், அப்போது ஒரு பெயர். முதல் நாள்தான் தெரிந்தது, 12 பேரில் எனக்கு நாலு பேருடைய பெயர்தான் தெரியும். இப்போது எல்லோருடைய பெயரும் தெரியும். மகன்தான் கேட்டு எழுதிக்கொண்டு வந்தான்.

இந்த இரண்டு வாரத்தில் வயலில் மூன்று முறை கோபம் வந்தது. இரண்டு முறை வாயை மூடிக்கொண்டேன். ஒரு முறை முடியவில்லை, டிராக்டர் ஓட்டுகிற பையனைத் திட்டிவிட்டேன். அன்று சாயந்திரமே போய்ப் பேசினேன்.

திங்கட்கிழமை களையெடுப்பு. எட்டு மணி என்று இந்தத் தடவை சொல்லவில்லை, வண்டி வந்து சேர்ந்ததும் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

---

வரப்போரம் (ஞாயிறு காலை)

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன் அண்ணா. வண்டி வாடகை யார் கொடுக்கிறார்கள் என்பதை இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "அந்தப் பையன் பேர் என்ன?" என்றார். நாளைக்குக் காலை உங்கள் எல்லோருக்காகவும் ஜெபிப்பதாகச் சொல்லச் சொன்னார். நாலு மணிக்கு.